திரைக்கு அந்தப் பக்கம் இருப்பது யார் என்று அவர்களுக்குத் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

திருகோணமலைப் பெடியன் ஒருவன் ஜேர்மனியில் ஓர் ஓர்கெஸ்ட்ராவில், அதாவது பெரிய மேலைத்தேய வாத்தியக் குழுவில், ட்ரொம்போன் என்ற பித்தளை வாத்தியம் வாசிக்க இடம் எடுத்திருக்கிறான் என்று உங்கள் பத்திரிகையில் சிறிய செய்தி ஒன்று வந்தது. அடுத்த கிழமை அதைப் பற்றி ஒரு வாசகர் எழுதியிருந்தார். அங்கே யாரோ ஆள் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைக்காரர் நிறைந்த இடத்தில் எங்கள் பிள்ளையை யார் எடுக்கப் போகிறார்கள் என்பது அவருடைய கேள்வி. பொறாமையில் எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. இங்கே ஒரு சிற்றூழியர் வேலைக்குக்கூட யாரையாவது பிடிக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர், அந்தப் பழக்கத்தில் எழுதியிருக்கிறார்.

அந்தப் பெடியன் என் தங்கையின் மகன், எனக்குப் பெறாமகன். ஆகவே நான் நடுநிலையாக எழுதப் போவதில்லை. ஆனால் மேலைத்தேய சங்கீதம் படிப்பித்து, பாடசாலை பாண்டுகளோடு காலம் தள்ளி, ஓய்வு பெற்றவள் நான். ஆள் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று ஒரு பிள்ளை நம்பத் தொடங்கினால் அந்தப் பிள்ளை பயிற்சி செய்யாது. அதனால்தான் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஓர்கெஸ்ட்ராவுக்கு ஆள் எடுக்க வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் தேர்வுக்கு ஓடிஷன் என்று பெயர். முதலில் அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மேடையிலோ மண்டபத்தின் நடுவிலோ ஒரு திரை கட்டியிருக்கும். திரைக்கு ஒரு பக்கம் ஓர்கெஸ்ட்ராவின் ஆட்கள், மறு பக்கம் ஊத வந்த பிள்ளை. பிள்ளைக்குப் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்தான். வாய் திறந்து ஒரு சொல் பேசக்கூடாது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கும் உதவியாளரின் காதில் சொல்ல வேண்டும், அவர்தான் கேட்பார். நடந்து வரும் சப்பாத்துச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று பிடித்துவிடுவார்கள் என்பதற்காகச் சில இடங்களில் நிலத்தில் கம்பளமும் விரித்திருப்பார்கள். அமெரிக்காவில் பொஸ்டன் சிம்பொனி 1952 இலேயே இந்தத் திரையைக் கட்டத் தொடங்கியது. எல்லா நாட்டிலும் எல்லாச் சுற்றுக்கும் திரை இருக்காது. கடைசிச் சுற்றில் திரையை எடுத்துவிடும் இடங்களும் உண்டு. ஆனால் அநேகம் பேர் கழன்று போகும் முதல் சுற்றில், ஊதுகிறவனின் தோல் நிறத்தையோ மாமனின் பெயரையோ பார்க்க அவர்களுக்கு வழியில்லை.

ஜேர்மனியில் முதல் சுற்றில் பியானோவோடு ஒரு கொன்செர்ட்டோவின், அதாவது ஒரு வாத்தியத்தை முன்னிறுத்தி எழுதிய உருப்படியின், பகுதி. ட்ரொம்போன் என்றால் பெரும்பாலும் பெர்டினாண்ட் டேவிட் 1837 இல் எழுதியது, ட்ரம்பெட் என்றால் ஹைடன் 1796 இல் எழுதியது, ஹோர்ன் என்றால் மொஸார்ட். தலைமுறை தலைமுறையாக இதே உருப்படிகள்தான். சில நிமிடங்களில், சிலவேளை அதற்கும் முன்னால், திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நன்றி என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான், வாத்தியத்தைப் பெட்டியில் வைக்கலாம். தப்பிப் பிழைத்தவர்களுக்கு அடுத்த சுற்றில் ஓர்கெஸ்ட்ரா உருப்படிகளிலிருந்து வெட்டியெடுத்த சின்னச் சின்னத் துண்டுகள். கடைசியில் ஓர்கெஸ்ட்ரா ஆட்கள் வாக்குப் போடுவார்கள். ஒருவருக்கும் போதிய வாக்கு விழாவிட்டால் ஒருவரையும் எடுக்காமல் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இது அடிக்கடி நடக்கும். வந்தவர்களில் நல்லவன் யார் என்று அவர்கள் தேடுவதில்லை. தங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருபது முப்பது வருடம் உட்காரக்கூடியவனைத்தான் தேடுகிறார்கள்.

திரை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு அபி கொனன்ட் என்ற அமெரிக்கப் பெண்ணின் கதையை நான் என் மாணவிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். 1980 இல் மியூனிக் பில்ஹார்மொனிக்கில் ட்ரொம்போன் இடத்துக்கு விண்ணப்பித்தார். அவருக்கு வந்த அழைப்புக் கடிதத்தில் 'திருவாளர்' என்று போட்டிருந்தார்கள், ஆண் என்று நினைத்து. வந்த 33 பேரில் அவர் 16 ஆவது. திரைக்குப் பின்னால் நின்று டேவிட்டின் கொன்செர்ட்டோவை ஊதினார். ஒரு சுரம் உடைந்துபோனது. சரி, முடிந்தது என்று மூட்டை கட்டத் தொடங்கினார். உள்ளே இருந்தவர்களோ அவரைக் கேட்டதோடு போதும் என்று, மீதிப் பேரை ஊத விடாமலே அனுப்பிவிட்டார்கள். பிறகு திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வெளியே வந்ததும் முகங்கள் மாறின. முதல் ட்ரொம்போன் பதவியிலிருந்து 1982 இல் அவரை இரண்டாவது இடத்துக்கு இறக்கினார்கள். பதவிக்கும் சம்பளத்துக்குமாக அவர் நடத்திய வழக்குகள் 1993 வரை இழுபட்டன. கடைசியில் வென்றது அவர்தான். உள்ளே போவதற்குத் திரை உதவியது. உள்ளே போன பிறகு அவருக்கு உதவியது நீதிமன்றம்.

வாசகரின் சந்தேகம் பொருந்தக்கூடிய ஓர் இடமும் உண்டு. அவர் அதைத் தொடவே இல்லை, ஆகவே நான் சொல்லிவிடுகிறேன். திரைக்குப் பின்னால் போய் நிற்பதற்கு முதலில் அழைப்பு வர வேண்டும். விண்ணப்பத்தில் எங்கே படித்தாய், எந்த ஓர்கெஸ்ட்ராவில் வாசித்தாய் என்று கேட்பார்கள். எங்கும் வாசிக்காதவனுக்கு அழைப்பு வராது, அழைப்பு வராதவன் எங்கும் வாசிக்க முடியாது. என் பெறாமகன் இதில் சிக்கி நின்ற காலம் எனக்குத் தெரியும். ஒரு பதில்கூடப் போடாத இடங்கள் உண்டு. அவனுக்கு வழி திறந்தது பெரிய ஓர்கெஸ்ட்ராக்கள் இளம் ஆட்களுக்காக நடத்தும் அக்கடமி இடம் ஒன்றின் மூலம். பெரியவர்களுக்குப் பக்கத்தில் இருந்து இரண்டு வருடம் வாசிக்கலாம், சிறிய தொகை தருவார்கள். அதற்கும் ஓடிஷன்தான். பிறகு ஒருவர் பிரசவ விடுமுறையில் போன இடத்துக்கு ஒரு வருட ஒப்பந்தம். அதற்குப் பிறகுதான் இந்த இடம். இந்த இடமும் இன்னும் முழுதாக அவனுடையது இல்லை. அங்கே பெரும்பாலும் ஒரு வருடம் பரீட்சார்த்த காலம், அது முடிய மறுபடி வாக்கெடுப்பு. இங்கிலாந்தில் வேறு மாதிரி. ஓடிஷனில் பிடித்துப்போன சிலரை மாறி மாறிக் கூப்பிட்டு, தங்களோடு கச்சேரிகளில் வாசிக்க விட்டுப் பார்ப்பார்கள். அது மாதக் கணக்கில் இழுபடும். இடைவேளையில் தேநீர் குடிக்கும்போது இந்த ஆளோடு கதைக்க முடிகிறதா என்றுகூடப் பார்ப்பார்களாம். அது சரிதான், நானும் பார்ப்பேன்.

செலவும் சின்ன விஷயம் இல்லை. வாத்தியம், ரயில் செலவு, தங்குமிடம் எல்லாம் சொந்தக் காசு. என் தங்கை புருஷன் இரவு வேலைக்குப் போய்த்தான் அந்த ட்ரொம்போனை வாங்கிக் கொடுத்தார். ஆள் பிடித்தது என்று யாராவது சொன்னால் அவர் ஒருவர்தான் அந்த ஆள்.

இடங்களும் குறைவு. ஓர் ஓர்கெஸ்ட்ராவில் வயலின்காரர் முப்பது பேர் இருக்கலாம். பித்தளையில் ஹோர்ன் நாலைந்து, ட்ரம்பெட் மூன்று, ட்ரொம்போன் மூன்று, எல்லாவற்றிலும் பெரிய ரியூபா ஒன்றே ஒன்று. உட்கார்ந்தவர் எழும்புவதும் இல்லை. சிக்காகோ சிம்பொனியில் அடொல்ப் ஹெர்சத் 1948 இல் முதல் ட்ரம்பெட்டாக உட்கார்ந்து 2001 இல்தான் எழும்பினார். அதே ஓர்கெஸ்ட்ராவில் ரியூபா வாசித்த ஆர்னோல்ட் ஜேக்கப்ஸ் 1944 முதல் 1988 வரை. ஜேர்மனியில் அரச பணத்தில் நடக்கும் ஓர்கெஸ்ட்ராக்கள் மட்டும் ஏறத்தாழ 130 இருப்பதால்தான் அங்கே பிள்ளைகளுக்கு ஏதோ நம்பிக்கை. எங்கள் பக்கத்தில் கொழும்பில் 1958 முதல் சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா இயங்குகிறது, மும்பாயில் 2006 இல் ஒன்று தொடங்கினார்கள். அவ்வளவோடு விரல் மடிப்பது நின்றுவிடும்.

இவ்வளவு குறைவான இடங்களில் அனுபவம் இல்லாத இளசுகள் எப்படி நுழைகிறார்கள் என்று கேட்டால், நுழைந்துதான் இருக்கிறார்கள். அந்த ஹெர்சத், சிக்காகோவுக்கு எடுக்கப்பட்ட நேரத்தில் எந்தத் தொழில்முறை ஓர்கெஸ்ட்ராவிலும் இருந்தவர் இல்லை. பொஸ்டனில் படித்துக்கொண்டிருந்தவரை சிக்காகோ ஓர்கெஸ்ட்ராவின் இசை நடத்துநர் நியூயோர்க்குக்குக் கூப்பிட்டு ஊதச் சொல்லிக் கேட்டார், கீழ்நிலை இடம் ஏதாவது என்று நினைத்துப் போனவருக்கு முதல் இடம் கிடைத்தது. சுவீடனில் கிறிஸ்டியன் லிண்ட்பெர்க் 17 வயதில்தான் ட்ரொம்போனைக் கையில் எடுத்தார், 19 வயதில் ஸ்டொக்ஹோம் அரச ஒபேரா ஓர்கெஸ்ட்ராவில் இருந்தார். கரோல் யான்ட்ஷ் என்ற பெண் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே 2006 இல் பிலடெல்பியா ஓர்கெஸ்ட்ராவின் ரியூபா இடத்தை வென்றார். எங்கள் பாண்டுகளில் பெண்பிள்ளைக்கு ரியூபாவைக் கொடுக்க யாராவது நினைத்ததுண்டா? மெலோடிக்காவைக் கொடுத்து முன்வரிசையில் நிறுத்துவோம், படத்துக்கு வடிவாக இருக்கும் என்று. பேர்லின் பில்ஹார்மொனிக்கும் இதில் பெரிதாக முந்திவிடவில்லை. அதன் பித்தளைப் பகுதியில் முதல் பெண்ணாக சாரா வில்லிஸ் ஹோர்னோடு உட்கார்ந்தது 2001 இல்.

இனி என் பெறாமகன் என்ன செய்தான் என்பதற்கு வருகிறேன். கடிதம் எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

ஓடிஷனுக்கு வரும் துண்டுகளின் பட்டியலை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். இரகசியம் ஒன்றும் இல்லை. வந்திருக்கும் எல்லோருக்கும் அந்தத் துண்டுகள் சிறு வயதிலிருந்தே பாடம். மொஸார்ட் 1791 இல் முடிக்காமலே இறந்துபோன ரெக்வியத்தில், அதாவது இறந்தவர்களுக்கான பூசை இசையில், ட்ரொம்போன் தனியாகத் தொடங்கும் ஓர் இடம் இருக்கிறது. சுரங்கள் மிக லேசு. பி பிளாட் மேஜர் கோர்ட்டின் மூன்று சுரங்களை, எங்கள் கணக்கில் ஸ, க, ப, ஒவ்வொன்றாக ஊதினால் அந்தத் தொடக்கம் வந்துவிடும். எங்கள் பாண்டில் இரண்டாம் வருடப் பிள்ளை ஊதிவிடும். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் சுரத்தைத் தேடவில்லை. ஒவ்வொரு சுரமும் ஒரே மாதிரித் தொடங்குகிறதா, ஒன்று தடிப்பாகவும் ஒன்று மெல்லிசாகவும் இருக்கிறதா, நடுவில் வரும் காந்தாரம் எங்கே நிற்கிறது என்று தேடுகிறார்கள். ட்ரொம்போனில் கட்டைகள் கிடையாது, குழாயை இழுத்து ஏழு நிலைகளைக் காதால் பிடிக்க வேண்டும். சுருதியோடு இயல்பாக ஒட்டும் காந்தாரம், பியானோவில் இருப்பதைவிட ஓர் அரைச்சுரத்தின் ஏழில் ஒரு பங்களவு தாழ்வு. அது வேறொன்றுமில்லை, எங்கள் அந்தர காந்தாரம்தான். அவன் கைபேசியில் சுருதிப் பெட்டி ஒன்றைத் தரவிறக்கி, ஸட்ஜத்தை பி பிளாட்டில் வைத்துவிட்டு, அந்த மூன்று சுரங்களையும் மெதுவாக ஊதிக்கொண்டே இருப்பான். அங்கே எல்லாப் பித்தளைக்காரரும் ஏதோ ஒரு சுருதியை ஓடவிட்டுத்தான் பயிற்சி செய்கிறார்களாம். தம்பூரா போடாமல் பாட உட்காராத எங்கள் ஆட்களுக்கு இது புதினமா?

தாளத்தில் விழுகிறவர்கள்தான் அதிகம். சுருதி கொஞ்சம் ஆடினால் பொறுப்பார்கள், தாளம் ஆடினால் பொறுக்க மாட்டார்கள். வாக்னரின் ஒபேராவில் வரும் 'வால்கிரிகளின் சவாரி' அநேகமாக எல்லா ட்ரொம்போன் ஓடிஷனிலும் இருக்கும். அதில் திரும்பத் திரும்ப வரும் தாள உருவத்தை ஆறு மாத்திரையாகப் பிரித்தால் மூன்று, ஒன்று, இரண்டு. நடுவில் இருக்கும் அந்த ஒன்றுதான் ஆளைக் கவிழ்ப்பது. உரத்து ஊத ஊதக் களைப்பு வரும், களைப்பு வந்ததும் அந்தச் சின்னச் சுரம் கொழுத்துவிடும், ஊதுகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. இவன் சின்னதில் இங்கே கோயிலடியில் மிருதங்க வகுப்புக்குப் போனவன். வாத்தியத்தைக் கீழே வை, தகிட - த - தக என்று வாயால் சொல்லிக்கொண்டு நட என்று நான்தான் சொன்னேன். நடந்தான். வீதியில் சனம் திரும்பிப் பார்த்ததாம். பிறகு தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை அடிக்கு ஒரு தட்டு என்று வைக்காமல், இரண்டு அடிக்கு ஒன்று, நாலு அடிக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டு போனான். இடையில் உள்ள காலத்தைத் தானே சுமக்கப் பழக வேண்டும் என்பதற்காக.

ராவெலின் பொலேரோ இன்னொரு வில்லங்கம். 1928 இல் வந்த உருப்படி. அதில் ட்ரொம்போன்காரர் மற்றவர்கள் ஒவ்வொருவராக வாசித்து முடியும்வரை சும்மா இருந்து, உதடு ஆறிப்போன பிறகு, எடுத்த எடுப்பில் உச்சத்தில் தொடங்க வேண்டும். ஆகவே உதட்டைச் சூடாக்கிக்கொண்டு பயிற்சி செய்தால் பிரயோசனம் இல்லை. இவன் கோப்பை கழுவுவான், உடுப்பு மடிப்பான், நடுவில் திடீரென்று வாத்தியத்தை எடுத்து அந்த முதல் சுரத்தை ஊதுவான். விழுந்தால் விழுந்ததுதான், இரண்டாம் தரம் ஊத மாட்டான், திரும்பக் கோப்பை கழுவப் போய்விடுவான். ஓடிஷனில் இரண்டாம் தரம் கிடையாது என்பதை உதட்டுக்குப் படிப்பிக்க வேறு வழியில்லை என்பான். தங்கைக்குத்தான் பைத்தியம் பிடித்தது.

துண்டுகளின் பெயர்களைக் கடதாசித் துண்டுகளில் எழுதி ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருந்தான். யார் வீட்டுக்கு வந்தாலும் தகரத்தை நீட்டுவான். வந்தவர் எடுத்த துண்டை ஊதுவான். உரத்த வாக்னருக்குப் பிறகு உடனே மெல்லிய மொஸார்ட் வரலாம், அந்த மாற்றத்தைத்தான் பழக வேண்டும். மாடிப்படியில் ஓடி ஏறி, நெஞ்சு படபடவென்று அடிக்கும்போதே ஊதுவான், அன்றைக்கு நெஞ்சு அப்படித்தான் அடிக்கப் போகிறது என்பதால். தெரிந்த ஆட்கள் முன்னால் ஊதி ஊதிப் பயம் தெளிந்ததும், தெரியாத ஆட்களைத் தேடிப் போனான். முதியோர் இல்லம் ஒன்றில், தேவாலயத்தில், வேறு வாத்தியம் வாசிக்கிறவர்கள் முன்னால். வயலின்காரர் சொல்லும் குறை ட்ரொம்போன்காரர் சொல்லும் குறையைவிட உபயோகமாக இருக்குமாம். வாக்குப் போடுகிறவர்களில் வயலின்காரரும் இருக்கிறார்களே.

நானும் நடுவர். எங்களுக்கு இரவுச் சாப்பாடு முடிகிற நேரம் அவனுக்குப் பின்னேரம். வாட்ஸ்அப் அழைப்பில் பித்தளை வாத்தியம் கேட்பது வீண் வேலை, சத்தம் கூடினதும் அது தானாகவே அமத்திவிடும். அதனால் ஒலிப்பதிவை அனுப்புவான். ஒரே துண்டை வேறு வேறு நாளில் ஊதிய பதிவுகள், எது எந்த நாள் என்று சொல்ல மாட்டான். இப்படி ஊதினவனை அடுத்த சுற்றுக்குக் கூப்பிடுவியா, இல்லையா என்ற கேள்விக்கு ஓம் அல்லது இல்லை, அவ்வளவுதான் நான் சொல்லலாம். நல்லா ஊதினாய் ராசா என்று சொல்லக்கூடாது. பெரியம்மாவுக்கு இது கஷ்டமான வேலை என்று அவனுக்கும் தெரியும். ஒரு நாள் ஊதியதை அன்றே கேட்க மாட்டான், அடுத்த நாள் வேறு யாரோ ஊதியது மாதிரிக் கேட்பான். பென்சிலால் ஒரு குறை மட்டும் எழுதுவான். ஒன்றுக்கு மேல் எழுதினால் ஒன்றும் திருந்தாது.

அதோடு அந்த உருப்படிகளை முழு ஓர்கெஸ்ட்ராவும் வாசித்த பதிவுகளில் திரும்பத் திரும்பக் கேட்டான். அவன் தனியாக ஊதும்போது பின்னால் வயலின் என்ன செய்கிறது, முரசு எங்கே விழுகிறது என்பது அவன் தலைக்குள் ஓட வேண்டும். அது ஓடுகிறதா இல்லையா என்பது திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டு வரியில் விளங்கிவிடும். என்னைக் கேட்டால், இவ்வளவு வேலையிலும் மிக முக்கியமானது இதுதான். வீட்டில் சும்மா படுத்திருந்தே செய்யக்கூடியதும் இதுதான்.

அப்படியெல்லாம் செய்தும் பல இடங்களில் முதல் சுற்றோடு திரும்பினான். ஓரிடத்தில் சூடேற்றும் அறையிலேயே தோற்றான். எல்லோரையும் ஒரே அறையில் விடுவார்கள், ஆளுக்காள் தங்கள் மிக உச்சமான, மிக உரத்த சுரங்களை எடுத்துக் காட்டுவார்கள். அதைக் கேட்டு இவனும் கூட ஊதி, உள்ளே போக முதலே உதடு செத்துவிட்டது. அடுத்த தடவை காதை அடைத்துக்கொண்டு ஒரு மூலையில் தமிழ்ப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தானாம்.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். இது பாண்ட் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர். என் தகப்பனார் டொக்யார்ட்டில் எழுதுவினைஞராக இருந்தவர், 1957 இல் ஆங்கிலேயர் துறைமுகத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை அவர்களுடைய கடற்படை பாண்டைக் கேட்டுக் கேட்டுத்தான் கோர்னெட் பழகினார். இன்றைக்கும் பாடசாலைகளில் பாண்ட் இருக்கிறது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் பெப்ரவரி 4 ஆம் திகதி சுதந்திர தினத்துக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் பிள்ளைகள் வெயிலில் நின்று ஊதுகிறார்கள். ஆனால் எத்தனை பிள்ளைகள் தனியாக எழும்பி நின்று எட்டு வரி ஊதியிருக்கிறார்கள்? தேர் வடம் பிடிக்கிற மாதிரித்தான் எங்கள் பாண்ட். நூறு கை பிடித்திருக்கும், இழுப்பது யார் பிடித்து நிற்பது யார் என்று வடத்துக்குத் தெரியாது. ட்ரம்பெட்டை வாயில் வைத்து விரலை மட்டும் ஆட்டிக்கொண்டு ஒரு வருடம் முழுக்க ஊர்வலம் போன பிள்ளையை எனக்குத் தெரியும். நல்ல பிள்ளை, இப்போது வங்கி முகாமையாளர்.

தனியாக ஊதுவதென்றால் இங்கே தரப் பரீட்சை ஒன்றுதான். லண்டன் சபையின் பரீட்சையில் 150 இல் 100 எடுத்தால் சித்தி, 130 எடுத்தால் அதிசிறப்பு. அதை நான் குறை சொல்லவில்லை, எத்தனையோ பிள்ளைகளை நானே அனுப்பினேன். ஆனால் பரீட்சகர் புன்னகையோடு வரவேற்று, தவறு விட்டால் தொடர்ந்து வாசி என்று தைரியம் தந்து, நல்லதைத் தேடிப் புள்ளி போடுவார். எட்டாம் தரம் அதிசிறப்பு எடுத்த பிள்ளை, ஓடிஷனில் பத்து வினாடியில் நன்றி சொல்லி அனுப்பினால் ஏன் என்று விளங்காமல் திகைத்துப் போகும்.

வாத்தியங்களின் நிலையையும் சொல்ல வேண்டும். கடற்காற்று பித்தளையைத் தின்கிறது. ஒரு வாத்தியத்தை மூன்று பிள்ளைகள் மாறி மாறி எடுக்கிறார்கள். வால்வு எண்ணெய் முடிந்தால் கொழும்பிலிருந்து வர வேண்டும், வரும்வரை தையல் மெஷின் எண்ணெய்தான். அது வால்வைப் பசையாக்கிவிடும் என்று சொன்னாலும் கேட்பதில்லை, வேறு இல்லையே. வால்வு இறுகிய ட்ரம்பெட்டில் தாளம் பழக முடியாது. பிள்ளைக்குத் தாள ஞானம் இல்லை என்று முடிவு கட்டுவோம்.

ஆகவே கல்வி வலயத்தில் பாண்ட் போட்டி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அணிவகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. அதே நாளில் இன்னொரு சின்ன நிகழ்ச்சியைச் சேருங்கள். ஒரு வகுப்பறை, கதவருகில் ஒரு திரை, மூன்று சின்னத் துண்டுகள். இரண்டு மாதத்துக்கு முன்பே எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரே தாளை அனுப்புங்கள். மொஸார்ட், வாக்னர் போன்றவர்களின் உருப்படிகளுக்கு இப்போது உரிமைக் கட்டணம் கிடையாது, இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். கஷ்டமாக இருந்தால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கீதத்தைப் போடுங்கள், மெதுவாக ஊதவே அது போதும். நடுவர்களை வேறு மாவட்டத்திலிருந்து எடுங்கள், பிள்ளைகளுக்கு இலக்கம் கொடுங்கள், எந்தப் பாடசாலை என்று கேட்காதீர்கள். கிண்ணியாப் பிள்ளையும் மூதூர்ப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் திரைக்குப் பின்னால் ஒன்றுதான். இதற்குச் செலவு ஒரு பழைய சீலை.

முடிவு வந்ததும் வெல்லாத பிள்ளைக்கும் நடுவர் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். எது ஆடியது என்று, தாளமா, சுருதியா, ஒலியா. அங்கேகூட அநேக இடங்களில் இதை எழுதிக் கொடுப்பதில்லை, என் பெறாமகனுக்கு அதுதான் பெரிய மனக்குறை. நாங்களாவது கொடுப்போம்.

அதுவரை, பித்தளை வாத்தியம் ஊதும் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் உவர்மலையில் என் வீட்டு விறாந்தைக்கு வரலாம். திரை கட்டியிருக்கிறேன், பிஸ்கட் தகரமும் இருக்கிறது. எந்தச் சங்கீத ஆசிரியரைக் கேட்டாலும் வீடு காட்டுவார்கள். காசு வேண்டாம், கொழும்புப் பக்கம் போய் வருகிறவர்கள் வால்வு எண்ணெய் ஒரு போத்தல் கொண்டுவந்தால் எல்லோரும் பாவிக்கலாம். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு வாருங்கள், மத்தியானத்தில் வேண்டாம், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.